ஐம்பத்தெட்டு வயதில் அடுப்பு பற்றவைத்த அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் சேக்காட்டில் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் அப்பா சமைத்ததாகத்தான் இருக்கும். அம்மா சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் குறைவு. அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதச் சொல்லித் தம்பி கேட்டபோது, அவர் சமைக்கக் கற்றுக்கொண்ட கதையையும் சேர்த்து எழுதுவதென்றால் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கோவில்பதாகையில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களையெடுத்தும் பிழைத்தவர்கள். மூன்று பெண்களில் அம்மா கடைசி. மூத்தவர்கள் இருவர் இருந்ததால் அடுப்பு அவர் பங்குக்கு வரவில்லை. தண்ணீர் எடுப்பதும் சுள்ளி பொறுக்குவதும்தான் வந்தன. படிப்பு நன்றாக வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு விடுதியில் தங்கிப் படித்தார். அங்கே தட்டை நீட்டினால் சோறு விழும். பத்தாவது முடித்ததும் தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவில் சேர்ந்தார். பெண்பிள்ளைகள் தையல் பிரிவுக்குப் போகிற காலம் அது. இரும்பு கடைய வந்த பெண்ணை வாத்தியாரே ஒரு மாதிரி பார்த்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

பயிற்சி முடிந்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை அதே கம்பெனிதான். லேத்தில் தொடங்கி, தயாரான பொருளைச் சோதித்து அனுப்பும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக உயர்ந்தார்.

அப்பா அந்தக் கம்பெனியின் கேண்டீனில் சமையல் வேலை பார்த்தவர். சோற்றில் கல் கிடக்கிறது என்று அம்மா தட்டோடு கேண்டீன் அடுப்படிக்கே போய்ச் சண்டை போட்டாராம். அப்படித்தான் பழக்கம். கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

"எனக்கு வெந்நீர் வெக்கக்கூடத் தெரியாது. அப்பால குத்தம் சொல்லக் கூடாது."

"வெந்நீர நான் வெச்சிக்கிறேன், நீ வா" என்றாராம் அப்பா.

சொன்னபடியே செய்தார். அம்மாவுக்கு முறை மாற்றி முறை ஷிப்ட். அப்பா நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். நாங்கள் வளர்ந்தது முழுக்க அப்பாவின் சமையலில். அம்மா ரேஷன், கரண்டு பில், எங்கள் கணக்குப் பாடம், வீட்டில் எது பழுதானாலும் சரி செய்வது என்று மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். மிக்ஸி ஓடவில்லை என்றால் அம்மாவைக் கூப்பிடுவோம். மிக்ஸியில் சட்னி அரைக்க வேண்டும் என்றால் அப்பாவைக் கூப்பிடுவோம். எங்களுக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

வெளியே பேச்சு இருந்தது. அடுத்த தெருவில் இருக்கும் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பண்டிகை நாட்களில் வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லுவார். அம்மா பதில் சொன்னதே இல்லை.

அம்மா ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது அப்பா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். காலை நேரம். அப்பா அதற்கு முன்பே ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். அம்மா முதல் ஷிப்டில் இருந்தார். கம்பெனி வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். அடுப்பில் அப்பா வைத்த பருப்பு பாதி வெந்தபடி கிடந்தது. எதிர்வீட்டுச் செல்வி அக்காதான் ஓடிவந்து அடுப்பை அணைத்திருந்தார். உடம்பைக் கூடத்தில் கிடத்தி, சொந்தக்காரர்கள் வரத் தொடங்கியதும், அத்தை அம்மாவைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"எந்தம்பிய கடேசி வரிக்கும் அடுப்பாண்டயே நிக்க வெச்சிட்டியேடி! ஒரு நாளாச்சும் அவன ஒக்கார வெச்சி சோறு போட்டியா?"

அந்த வார்த்தை அம்மாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

காரியம் முடியும்வரை சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்தார்கள். பிறகு நின்றது. நூம்பலில் குடியிருக்கும் நான் அங்கிருந்து கேரியரில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வர ஆரம்பித்தேன். எனக்கும் வேலை, பள்ளி போகும் பிள்ளைகள். வராத நாட்களில் அம்மா கம்பெனி கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு, இரவுக்குப் பன்னும் பாலும் வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு கேண்டீனும் இல்லை. இரண்டே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

தம்பி ஓசூரில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நேரடியாகவே பேசினான்.

"ஊட்ட வாடகைக்கி வுட்டுட்டு எங்கூட வந்துரும்மா."

"வர்ல."

"தனியா குந்திகினு இன்னா துன்னுவ?"

"ஆக்கித் துன்னுவேன்."

"ஒனக்குதான் ஆக்கத் தெரியாதேம்மா!"

"தெரிஞ்சிக்கிறேன். லேத்து மட்டும் தெரிஞ்சிகினா பொறந்தேன்?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் தம்பி ஒரு தவணை வைத்தான். அப்பாவின் முதல் வருஷத் தெவசம் வரை பார்ப்போம், அதற்குள் அம்மா தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூர் வந்துவிட வேண்டும். அம்மா சரி என்றார்.

அது அம்மாவும் அப்பாவும் கடன் வாங்கி, செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டிய வீடு. அதில் ஒவ்வொரு சுவிட்சும் அம்மா மாட்டியது. அதைவிட்டுப் போகச் சொல்வது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். முதல் சிக்கல், அப்பாவின் டப்பாக்கள். எந்த டப்பாவிலும் பெயர் கிடையாது. மிளகாய்த் தூள், குழம்புத் தூள், சாம்பார்த் தூள் மூன்றும் அம்மாவின் கண்ணுக்கு ஒரே சிவப்பு. ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். மிளகாய்த் தூளில் நாக்கு எரிந்து, எதிர்வீட்டுக்குப் போய்ச் செல்வி அக்காவிடம் மோர் வாங்கிக் குடித்திருக்கிறார். செல்வி அக்கா சிரித்துக்கொண்டே வந்து டப்பாக்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்.

முதல் சோறு கஞ்சி. இரண்டாவது, நடுவில் அரிசி. குக்கர் விசில் அடித்தபோது அம்மா கூடத்துக்கு ஓடி வந்துவிட்டாராம். எவ்வளவு பெரிய இயந்திரங்களுக்கு நடுவில் நின்றவர் இந்தச் சின்னப் பாத்திரத்துக்குப் பயந்தார் என்பது செல்வி அக்காவுக்கு இன்றைக்கும் சிரிப்பு.

சாம்பார்தான் பெரும் பாடு. பருப்பு, புளித்தண்ணீர், உப்பு, காய் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடிவிட்டார். எத்தனை விசில் விட்டும் பருப்பு சரளைக்கல் மாதிரியே இருந்தது. பருப்பு பழசு என்று நினைத்துப் புதிதாக வாங்கி வந்தார். மறுபடியும் சரளை. செல்போனில் சமையல் வீடியோ பார்த்தார். அதில் பேசிய பெண் எல்லாவற்றுக்கும் "தேவையான அளவு உப்பு" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் அன்று அங்கே இருந்தேன். அம்மா போனைப் பார்த்துத் திட்டினார்.

"தேவையான அளவுன்னா எவ்ளோன்னு சொல்லேம்மா! அது தெரியாமத்தான ஒன்னப் பாத்துகினு கீறேன்!"

பிறகு தன் வழிக்கு வந்தார். ஒரு பொருளில் குறை இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனியில் அவர் பழகியது. அந்த வாரம் முழுக்க தினமும் சாம்பார். ஒரு நாள் உப்பை நிறுத்தினார். அடுத்த நாள் காயை. புளியை நிறுத்திய அன்று பருப்பு மசிந்துவிட்டது. புளியைப் பிறகு ஊற்ற வேண்டும் என்று எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். "கேட்டுக்கினா அப்டியே போய்டும். இப்ப மறக்காதுல்ல" என்றார்.

கையில் எண்ணெய் தெறித்து முழங்கை வரை கொப்புளம் வந்தது. ஈரம் துடைக்காத வாணலியில் எண்ணெய் ஊற்றியதால் வந்தது அது. நான் பயந்துபோய், தம்பி சொன்னபடி ஓசூருக்கே போய்விடலாம் என்றேன். அம்மா மறு கையால் மருந்து தடவிக்கொண்டே, "கம்பெனில இதவுடப் பட்டுகீறேன்" என்று முடித்துவிட்டார்.

ஒரு நாள் மதியம் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை. என்னவோ ஏதோ என்று எடுத்தேன்.

"கத்திரிக்கா பொரியல் செஞ்சேன். நல்லா கீதுடி."

"சந்தோஷம்மா."

பிறகு சொன்னார்: "ஒங்கப்பாவுக்கு ஒரு டீ கூட நான் போட்டுத் தந்ததில்ல."

"அவர் கேட்டதில்லையேம்மா."

"கேக்கல. அவருக்கு அடுப்பு புடிச்சிருந்திச்சி. எனக்கு மிஷினு புடிச்சிருந்திச்சி. அது தப்புன்னு எனக்குத் தோணல. ஆனா இப்ப இந்தப் பொரியல அவரு துன்னு பாத்து, நல்லால்லன்னு சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

சாப்பிடும்மா, ஆறிப்போகும் என்றேன்.

தெவசம் நெருங்கியது. கேட்டரிங்கில் சொல்லிவிடலாம் என்றான் தம்பி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற அத்தனை பேருக்கும் தானே சமைப்பேன் என்றார். விஷயம் அத்தை காதுக்குப் போய், அத்தை வீட்டுக்கே வந்தார். அப்பாவின் காரியம் முடிந்த பிறகு அவர் எங்கள் வாசலில் கால் வைத்தது அன்றுதான்.

"படையலுக்கு முன்ன யாரும் வாயில வெக்கக் கூடாது. உப்பு ஒரப்பு பாக்கக் கூடாது. அது தெரியுமா ஒனக்கு?"

அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கு முகம் வாடிவிட்டது. கரண்டிக்குக் கரண்டி ருசி பார்த்துத்தான் அவர் இதுவரை வந்திருந்தார். "பாக்காம எப்டிக்கா தெரியும்?" என்று கேட்டார்.

"ஆக்கறவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டார்.

தெவசத்துக்கு முந்தைய வாரம் முழுக்க அம்மா அதே சமையலை அதே பாத்திரங்களில் செய்து செய்து பார்த்தார். எந்தக் குழம்புக்கு எந்தக் கரண்டியால் எவ்வளவு உப்பு என்று பிடித்துக்கொண்டார். செல்வி அக்கா வீட்டிலும் பக்கத்து இரண்டு வீடுகளிலும் அந்த வாரம் அடுப்பு எரியவில்லை, எங்கள் வீட்டுச் சாம்பார்தான்.

தெவசத்தன்று அத்தை விடிந்ததுமே வந்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அம்மா ருசி பார்த்துவிடக் கூடாது என்று காவல். நானும் செல்வி அக்காவும் காய் மட்டும் நறுக்கிக் கொடுத்தோம். அம்மா அடுப்புப் பக்கம் எங்களை விடவில்லை. சோறு வந்தது. சாம்பார் வந்தது. காரக்குழம்பு கொதித்தது. பாயசம் கொஞ்சம் அடிப்பிடித்தது, ஆனால் பாத்திரத்தை மாற்றிவிட்டார்.

வடையில் மாட்டிக்கொண்டார். வாரம் முழுக்கப் பழகிய சமையலில் வடை மட்டும் இல்லை. மாவு தண்ணீராகப் போயிருந்தது. எண்ணெயில் விட்டதும் பிரிந்து பிரிந்து ஓடியது. முதல் ஈடு முழுக்க எண்ணெய் குடித்த துண்டுகள். அம்மா இரண்டாவது ஈடு விட்டார். அதுவும் அப்படியே. கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்துவிட்டார்கள். தம்பி எட்டிப் பார்த்து, கடையில் வாங்கி வரவா என்று கண்ணால் கேட்டான். அம்மா கையில் மாவோடு அப்படியே நின்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அபூர்வம். அன்று பார்த்தேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அத்தை எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அரிசி மாவு கீதா?"

அம்மா எடுத்துக் கொடுத்தார். அத்தை ஒரு கை அள்ளி மாவில் போட்டுப் பிசைந்தார்.

"ஒளுந்து ஆட்டசொல்ல தண்ணி ஊத்திகினே இருந்தியா?"

"ஆமாங்க்கா. மிக்ஸி சுத்தல."

"தெளிச்சிக்கணும். ஊத்தக் கூடாது. கைய நனச்சிக்கோ. இந்தா, இப்டித் தட்டு."

இருவரும் ஒரே அடுப்படியில் நின்று வடை சுட்டார்கள். நான் காய்த் தோலைப் பொறுக்குகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

படையல் போட்டு, கும்பிட்டு, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தோம். காரக்குழம்பை ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, அதில் உப்பே இல்லை. வடைக் கலவரத்தில் அம்மா போட மறந்திருந்தார். பந்தியில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ முணுமுணுத்தார். அத்தை இலையிலிருந்து நிமிர்ந்து, அந்தப் பக்கம் பார்த்து உரக்கச் சொன்னார்.

"உப்புதான? போட்டுகினா போச்சி. இன்னா இப்போ?"

உப்புக் கிண்ணம் ஒரு சுற்று வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது அத்தை காரக்குழம்பை ஒரு தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனார். தம்பி ஓசூர் கிளம்பும்வரை வீட்டைப் பூட்டுகிற பேச்சை எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

அம்மா அதன்பின் மூன்று ஆண்டுகள் தன் வீட்டில், தன் சமையலில் இருந்தார். பெரிய கைமணம் வந்துவிட்டது என்று எழுதினால் செல்வி அக்காவே சிரிப்பார். தோசை கடைசிவரை வட்டமாக வரவில்லை. பாயசத்தை அவரே கைவிட்டுவிட்டார். மீன் குழம்பு நன்றாக வைப்பார். கருவாட்டுக் குழம்பு உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். குறை சொல்லிக்கொண்டே இரண்டு முறை சோறு வாங்குவார். அத்தை இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தபோது, அம்மா தினமும் மதியம் சோறு எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய் ஊட்டிவிட்டு வந்தார்.

சென்ற ஆண்டு தொடக்கத்திலிருந்து அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடி ஏற முடியவில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். நகரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் கொஞ்சம் தேறி, எழுந்து உட்கார்ந்து பேசும் அளவுக்கு வந்தார். பிறகு ஒரு காலையில், நானும் தம்பியும் பக்கத்தில் இருக்கும்போதே, அமைதியாகப் போய்விட்டார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செய்தி கேட்டதும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து நின்ற கம்பெனித் தோழர்களுக்கும், பந்தலிலிருந்து தண்ணீர் வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட தெருவாருக்கும் நன்றி. செல்வி அக்காவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறோம். அத்தை, நடக்க முடியாத நிலையிலும் கைத்தாங்கலாக வந்து, அம்மாவின் தலைமாட்டில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அவர் அன்று அழுதுகொண்டு சொன்னதை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். மருத்துவமனையில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தார். அவருடைய கணவர் ஆட்டோ ஓட்டுபவர். தினமும் கடையில் இட்லி வாங்கி வந்து மனைவிக்குக் கொடுப்பார். வீட்டில் பிள்ளைகளுக்கும் கடைச் சாப்பாடுதான். அந்தப் பெண் அதையே நினைத்து அழுதுகொண்டிருப்பார். அம்மா ஒரு நாள் அந்தக் கணவரைக் கூப்பிட்டு, ரசம் வைக்கச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பார்வையாளர் நேரம் முழுக்க அதே பேச்சு. தக்காளியை எப்படிக் கரைப்பது, எப்போது இறக்குவது, எதை எப்போது போடக் கூடாது. மூச்சு வாங்கும், பேசாதேம்மா என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் மனைவி வீடு திரும்பிய சில நாட்களில்தான் அம்மா போனார்.

காரியத்தன்று மதியம் அவர் எங்கள் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தயங்கி நின்றார். அம்மா தெருப் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். பந்தலையும் மாலை போட்ட படத்தையும் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

"ரசம் வெச்சேங்க. அத அம்மாவாண்ட சொல்லலாம்னு வந்தேன்" என்றார்.

"எப்படி வந்துச்சு?" என்று கேட்டான் தம்பி.

"மொத நாளு வாயில வெக்க முடில. ரெண்டாவது நாளும் அப்டிதான். நேத்து எம்பொண்ணு இன்னும் கொஞ்சம் ஊத்துப்பான்னு கேட்டுச்சி."

அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டோம். சாப்பிட்டுவிட்டு, படத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்தில் பெயரைக் கேட்க விட்டுப்போயிற்று. இந்த மலர் அவர் கைக்குப் போய்ச் சேர வழியில்லை. அம்மா சொல்லிக் கொடுத்ததைத் தன் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட அவருக்கும் எங்கள் நன்றி.